அறுவைக்குப் பிறகும் இறங்காத கால்சியம்: நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்த பாராதைராய்டு

நாற்பத்தேழு வயதுப் பெண். ஏற்காடு மலையில் காப்பித் தோட்ட வேலை. பாராதைராய்டு (ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைத் தரும், கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள்) மிகைச் சுரப்புக்காக வேறொரு மருத்துவமனையில் கழுத்தில் அறுவை செய்துகொண்டு, மூன்று மாதம் கழித்துச் சேலத்தில் எங்களிடம் வந்தார். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. ரத்தக் கால்சியம் மட்டும் அறுவைக்கு முன்பு இருந்த இடத்திலேயே நின்றது. அவருடைய சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன். முதல் அறுவையில் ஒரு சுரப்பி கிடைக்கவில்லை என்றால், அது இருக்கக்கூடிய இடங்கள் எண்ணற்றவை அல்ல. கருவில் அது பயணம் செய்த பாதை நமக்குத் தெரியும், அந்தப் பாதையில் தேட வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

நோய் வளர்ந்த விதம்

பிறந்த ஊர் தர்மபுரிப் பக்கம், கல்யாணமாகி மலைக்கு வந்தவர். முன்பற்களில் பழுப்புக் கறை. சிறு வயதில் குடித்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் தடயம் அது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைப் பல வருடம் குடித்தால் முதலில் பல்லிலும், அளவு மிக அதிகமானால் பின்னர் எலும்பிலும் அதன் பாதிப்பு தெரியும். அதனால் எங்கள் பகுதியில் கறைப்பல்லோடு ஒருவர் வந்து "உடம்பெல்லாம் எலும்பு குடையுது" என்றால், கை தானாகவே "ஃபுளோரைடு" என்று சீட்டில் எழுதிவிடும். இவருக்கும் இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

அந்த இரண்டு வருடத்தில் வேறு சில தொல்லைகளும் இருந்தன. இரண்டு முறை கல்லடைப்பு வந்தது. வாழைத்தண்டுச் சாறு குடித்தார், ஒரு கல் தானாக வெளியேறியது. எந்நேரமும் தாகம், மலச்சிக்கல், எதிலும் மனம் ஒட்டாத சோர்வு. சரிவில் நின்று காப்பிப் பழம் பறிக்க முடியாமல் போனது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாத்திரை கொடுக்கப்பட்டது. ஃபுளோரைடு எலும்பை வலிக்கச் செய்யும். கல், தாகம், மலச்சிக்கல், எலும்பு வலி நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் அதற்கு ஃபுளோரைடு மட்டும் போதுமான விளக்கம் ஆகாது. கால்சியம் பார்க்க வேண்டும். மிகச் சாதாரண ரத்தப் பரிசோதனை அது.

கடைசியில் ஈர மண்ணில் வழுக்கி விழுந்து இடது முன்கை முறிந்தது. மாவுக்கட்டு போடும்முன் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவுக்குப் பக்கத்தில் எலும்பு அரித்துக் குழிந்த பகுதி ஒன்று தெரிந்தது. எலும்புக் கட்டியோ என்ற சந்தேகம் வந்தது. அந்த எலும்பு மருத்துவர் உடனே கத்தியை எடுக்காமல் கைவிரல்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதற்காக அவரைப் பாராட்டியே ஆக வேண்டும். விரல்களின் நடுக்கணு எலும்புகளில் கட்டைவிரல் பக்க ஓரம் பூச்சி அரித்ததுபோல் மங்கியிருந்தது. பாராதைராய்டு மிகைச் சுரப்பின் நேர் அடையாளம் இது. முன்கையில் இருந்தது 'பழுப்புக் கட்டி' என்று சொல்லப்படும் எலும்பரிப்பு. புற்றுநோய் அல்ல, ஹார்மோன் இறங்கினால் தானே ஆறக்கூடியது. மாபெரும் செல் கட்டி என்று நினைத்து இதைச் சுரண்டி எடுத்துவிடுவது நடக்கக்கூடிய தவறு, ஏனென்றால் நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

அப்போதைய ரத்த முடிவுகள்: கால்சியம் டெசிலிட்டருக்கு 12.6 மி.கி. (இயல்பு சுமார் 8.5 முதல் 10.5), பாஸ்பேட் 2.1 (குறைவு), எலும்பின் தேய்மானத்தோடு ஏறும் நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 640 (மிக உயர்வு), வைட்டமின் டி 11 (குறைவு), பாராதைராய்டு ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 780 பைக்கோகிராம் (இயல்பு ஏறத்தாழ 15 முதல் 65). கால்சியம் ஏறினால் பாராதைராய்டு அடங்க வேண்டும். இங்கே இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தன. நோய் என்ன என்பதில் சந்தேகம் இல்லை.

முதல் அறுவை

கழுத்து அல்ட்ராசவுண்டில் தைராய்டின் இடது கீழ்ப்பகுதியில் ஒரு சிறு முடிச்சு. கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் செஸ்டாமிபி ஸ்கேனிலும் அதே இடத்தில் லேசான ஒளி. இரண்டும் ஒத்துப்போகின்றன என்று அறுவை செய்தார்கள். அறுவைக் குறிப்பு ஒரு பக்கம்தான், ஆனால் நேர்மையாக எழுதப்பட்டிருந்தது: வலது மேல், வலது கீழ், இடது மேல் சுரப்பிகள் பார்க்கப்பட்டன, இயல்பான அளவு, இடது கீழ்ச் சுரப்பி தெரியவில்லை, இடது கீழ் முடிச்சு எடுக்கப்பட்டது. அந்த முடிச்சு தைராய்டுத் திசு என்று நோய்க்குறியியல் அறிக்கை வந்தது.

மறுநாள் கால்சியம் 11.9. ஆறு வாரத்தில் 12.3. அறுவைக்குப் பின் ஆறு மாதத்துக்குள் கால்சியம் உயர்ந்தே இருந்தால் அது நீடிக்கும் நோய். ஆறு மாதம் இயல்பாக இருந்துவிட்டுப் பிறகு ஏறினால் அது திரும்பி வந்த நோய். இந்த வேறுபாடு முக்கியமானது. திரும்பி வரும்போது மீதமுள்ள சுரப்பிகள் புதிதாகப் பெருத்திருக்கலாம். நீடிக்கும் நோயில், குற்றவாளியை இன்னும் யாரும் தொடவே இல்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இதற்கிடையில் யாரோ சொன்னதைக் கேட்டு ராகிக் களி, பால், கீரை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். "கால்சியம் ஏறிக் கிடக்குது, அதைச் சாப்பிடலாமா டாக்டரம்மா?" என்று கேட்டார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நோயில் கால்சியம் ஏறுவது தட்டிலிருந்து அல்ல, எலும்பிலிருந்து. உணவில் கால்சியத்தை வெட்டினால் ஹார்மோன் இன்னும் முறுக்கேறி எலும்பைக் கூடுதலாக அரிக்கும். "அக்கா, களி சாப்பிடுங்க, தண்ணி நிறைய குடிங்க" என்று சொல்லி, வைட்டமின் டியும் குறைந்த அளவில் தொடங்கினோம். அடிக்கடி கால்சியம் பார்த்துக்கொண்டே கொடுத்தால் பயமில்லை. குறைபாட்டோடு அறுவைக்குப் போவதுதான் பிறகு பெரிய தொல்லையாகும்.

மறுபடி முதலிலிருந்து

ஓர் அறுவை தோற்றால், அடுத்த ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன் நோய் அதுதானா என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். பரம்பரையாக வரும் ஒரு நிலை உண்டு: கால்சிய உணரி சற்று மந்தமாக இருப்பதால் ரத்தத்தில் கால்சியம் உயர்ந்து நிற்கும், சிறுநீரில் மிகக் குறைவாகவே போகும். அதற்கு அறுவை பலன் தராது, தேவையும் இல்லை. 24 மணி நேரச் சிறுநீரில் இவருக்குக் கால்சியம் 380 மி.கி. போனது, கால்சியம்-கிரியாட்டினின் வெளியேற்ற விகிதம் 0.027. அந்தப் பரம்பரை நிலையில் பொதுவாக 0.01க்குக் கீழே இருக்கும். கால்சியத்தை ஏற்றக்கூடிய லித்தியம், தையசைடு மாத்திரைகள் எதுவும் எடுக்கவில்லை. கூடப்பிறந்தவர்களின் கால்சியமும் பார்த்தோம், இயல்பு. ஆல்புமினைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்த கால்சியம் 12.4, ஹார்மோன் 810. ஆக, நோய் அதேதான்.

அடுத்து முதல் அறுவையின் திசுத் துண்டுகளை வரவழைத்து மறுபடி பார்த்தோம். தைராய்டு மட்டுமே, பாராதைராய்டு துளியும் இல்லை. முதல் ஸ்கேனில் தெரிந்த ஒளி ஏன் ஏமாற்றியது என்பதும் புரிந்தது. செஸ்டாமிபி மருந்து மைட்டோகாண்ட்ரியா நிறைந்த செல்களில் தங்கும். பெருத்த பாராதைராய்டு அப்படிப்பட்டது, சில தைராய்டு முடிச்சுகளும் அப்படித்தான். ஊசியால் முடிச்சிலிருந்து திரவம் உறிஞ்சி அதில் பாராதைராய்டு ஹார்மோனை அளந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த ஸ்கேனின் படங்கள் கழுத்தோடு நின்றிருந்தன. தாடைக் கோணத்திலிருந்து இதயத்தின் அடி வரை எடுக்காத பாராதைராய்டு ஸ்கேன் பாதி ஸ்கேன்தான். விண்ணப்பத் தாளில் "நெஞ்சும் சேர்த்து" என்று அனுப்புகிற மருத்துவர் எழுதிவிட்டால் போதும்.

இடது கீழ்ச் சுரப்பி எங்கே போயிருக்கும்?

கருவில் மேல் பாராதைராய்டுகள் நான்காவது தொண்டைப் பையிலிருந்தும், கீழ் பாராதைராய்டுகள் மூன்றாவது பையிலிருந்தும் உருவாகின்றன. பெயருக்கும் பிறப்புக்கும் முறை மாறியிருக்கிறது, ஏனென்றால் மூன்றாவது பையிலிருந்து வருவது நெஞ்செலும்புக்குப் பின்னால் போய்ச் சேரும் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து நீண்ட தூரம் கீழே இறங்கி, நான்காவது பையிலிருந்து வந்ததைத் தாண்டிவிடுகிறது. குறைந்த தூரம் நகர்வதால் மேல் சுரப்பிகள் பெரும்பாலும் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். இடம் மாறினாலும் அவை பின்பக்கமாக, உணவுக்குழாய்க்குப் பக்கத்திலோ பின்னாலோ, சரிந்து இறங்கும். கீழ் சுரப்பிகளுக்குப் பாதை நீளம். நடுவழியில் நின்றுவிட்டால் தாடைக்குக் கீழே, கழுத்துத் தமனி பிரியும் இடத்தருகே கிடைக்கும். தைமஸைப் பிடித்துக்கொண்டு அளவுக்கு மீறி இறங்கினால் நெஞ்செலும்புக்குப் பின்னால், அபூர்வமாக இதய உறை வரைகூடப் போகும். சில சமயம் தைராய்டுக்குள்ளேயே புதைந்திருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு நான்கு சுரப்பிகள். சிலருக்கு ஐந்தாவதும் உண்டு, அதுவும் பெரும்பாலும் தைமஸில்தான் கிடைக்கும். ஒவ்வொன்றும் இயல்பில் 30 முதல் 50 மில்லிகிராம் எடை, ஒரு துவரம்பருப்பு அளவு. இவ்வளவு சிறியதை ரத்தம் கசியும் கழுத்தில் கொழுப்புக்கும் நிணநீர் முடிச்சுக்கும் நடுவே பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்று அறுவை அரங்கில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் அறுவை செய்தவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்றைப் பார்த்தேன், ஒன்றைப் பார்க்கவில்லை என்று அவர் எழுதி வைத்தார். அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் நாங்கள் இருட்டில்தான் துழாவியிருப்போம்.

இந்த இடத்தில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் தலைவரை நினைக்காமல் இருக்க முடியாது. பாராதைராய்டு மிகைச் சுரப்பு என்று அமெரிக்காவில் கண்டறியப்பட்ட முதல் நோயாளிகளில் ஒருவர். எலும்புகள் நொறுங்கி, ஏழு அங்குலம் உயரம் குறைந்து போனவர். 1926 தொடங்கி அவர் கழுத்தில் ஆறு முறை அறுவை நடந்தும் கட்டி கிடைக்கவில்லை. உடற்கூறு நூல்களைத் தானே படித்து, நெஞ்சுக்குள் தேடுங்கள் என்று மருத்துவர்களை அவரே வற்புறுத்தியதாகச் சொல்வார்கள். 1932இல் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், எட்வர்ட் சர்ச்சிலும் ஆலிவர் கோப்பும் ஏழாவது அறுவையில் நெஞ்சைத் திறந்து கட்டியைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்குள் சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. கல்லால் வந்த சிக்கலில் சில வாரங்களிலேயே அவர் இறந்துபோனார். ஸ்கேன் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. நம் கையில் இத்தனை கருவிகள் இருக்கும்போது ஒரு நோயாளி இரண்டாவது முறை கண்மூடித்தனமான கழுத்து அறுவைக்குப் படுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தேடல்

கழுத்தை மறுபடி அல்ட்ராசவுண்டில் தாடைக்கீழ் வரை நிதானமாகப் பார்த்தோம். ஒன்றுமில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் அல்ட்ராசவுண்டு எட்டாது. செஸ்டாமிபியைச் சாதாரண தட்டைப் படமாக இல்லாமல் முப்பரிமாண ஸ்பெக்ட்-சி.டி.யாக எடுக்கக் கோவைக்கு அனுப்பினோம். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்திலிருந்து இன்னொரு பஸ் ஏறி, கையில் இன்னும் முழுசாகக் கூடாத எலும்போடு அவர் போய் வந்தார். மகாதமனி வளைவின் மட்டத்தில், முன் நெஞ்சறையில், நடுக்கோட்டுக்குச் சற்று இடதுபுறம், ஓர் ஒளிப்புள்ளி. தாமதப் படத்திலும் அது மங்கவில்லை.

ஒரு ஸ்கேன் சொல்வதை நம்பி ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்தவர் அவர். அதனால் வேறு தத்துவத்தில் இயங்கும் இன்னொரு படம் வேண்டும் என்று முடிவு செய்தோம். சாய மருந்து செலுத்திப் பல கட்டங்களாக எடுக்கும் சி.டி.யில் பாராதைராய்டுக் கட்டி தமனிக் கட்டத்தில் பளிச்சென்று ஏறி விரைவில் மங்கும். நிணநீர் முடிச்சு அப்படி ஏறாது. அதே இடத்தில், தைமஸ் கொழுப்புக்குள், 2.2 செ.மீ. நீளக் கட்டி அப்படியே நடந்துகொண்டது. இரண்டும் ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் ஃபுளோரோகோலின் பெட் ஸ்கேன் எடுத்திருப்போம். சிறிய கட்டிகளை அது இன்னும் நன்றாகக் காட்டும். அதிலுள்ள ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதுவும் தெளிவில்லை என்றால்தான் கழுத்து, நெஞ்சுச் சிரைகளில் குழாய் விட்டு இடம் இடமாக ரத்தம் எடுத்து ஹார்மோன் அளக்கும் வேலை. இவருக்கு அவை தேவைப்படவில்லை.

இரண்டாவது அறுவை

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாண்களைப் பார்த்தார். இரண்டும் நன்றாக அசைந்தன. ஒரு முறை கழுத்து திறந்தவர்களுக்கு இதைப் பார்க்காமல் மேசையில் ஏற்றக்கூடாது. குரல்நாணை அசைக்கும் ஒரு பக்க நரம்பு ஏற்கெனவே பழுதாகி, குரலில் பெரிய மாற்றம் இல்லாமலே இருக்கலாம். அந்த நிலையில் மறுபக்க நரம்பும் போனால் மூச்சே நின்றுவிடும்.

தைமஸின் மேல்முனையில் இருக்கும் கட்டிகளைக் கழுத்து வழியாகவே இழுத்து எடுத்துவிடலாம். இது மகாதமனி வளைவு மட்டத்தில் இருந்ததால் எட்டாது. முன்பெல்லாம் நெஞ்செலும்பைப் பிளப்பார்கள். எலும்பு இவ்வளவு பலவீனமான ஒருவருக்கு அதை நினைத்தாலே கவலையாக இருந்தது. எங்கள் நெஞ்சறை அறுவை மருத்துவர் இடது பக்க விலா இடுக்குகள் வழியாகக் கேமரா விட்டு எடுக்க முடியும் என்றார். பழைய தழும்பைத் தொடவே தேவையில்லை என்பது கூடுதல் நன்மை. உறை கிழியாமல், சுற்றியுள்ள தைமஸ் திசுவோடு சேர்த்துக் கட்டியை எடுத்தார். உறை கிழிந்து செல்கள் சிதறினால் அவை ஆங்காங்கே ஒட்டி வளர்ந்துவிடும். அந்த நோயைக் குணப்படுத்துவது மிகக் கடினம்.

எடுத்தது அதுதானா என்று உறுதி செய்ய ஹார்மோனின் இயல்பே உதவுகிறது. ரத்தத்தில் அது மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பாதியாகிவிடும். எடுப்பதற்கு முன் 780. ஐந்து நிமிடத்தில் 260. பத்து நிமிடத்தில் 96. பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் குறைய வேண்டும் என்பது அளவுகோல். பரிசோதனைக் கூடத்திலிருந்து கடைசி எண் வரும்வரை அவர் மயக்கத்திலேயே இருந்தார். கட்டியின் எடை 2.6 கிராம். தைமஸுக்குள் இருந்த பாராதைராய்டு அடினோமா (சாதாரணக் கட்டி) என்று அறிக்கை வந்தது. புற்றுநோய் அறிகுறி இல்லை.

பசித்த எலும்பு

நான் மிகவும் பயந்தது இதற்குப் பிறகான வாரத்துக்குத்தான். பல வருடம் சூறையாடப்பட்ட எலும்பு, ஹார்மோன் நின்றதும் கால்சியத்தை ரத்தத்திலிருந்து உறிஞ்சத் தொடங்கும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மிக உயர்ந்தும் வைட்டமின் டி குறைந்தும் இருந்தவர்களுக்கு இது கடுமையாக வரும். இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு. ராத்திரி விரல்கள் இழுத்துக்கொண்டன. கால்சியம் 7.1. மீதமுள்ள மூன்று சுரப்பிகளும் முதல் அறுவையில் பழுதாகி ஹார்மோனே இல்லாமல் போய்விட்டதோ என்ற கேள்வியும் வரும். பாஸ்பேட் அதற்குப் பதில் சொல்லிவிடும்: ஹார்மோன் இல்லாவிட்டால் பாஸ்பேட் ஏறும், எலும்பு உறிஞ்சினால் பாஸ்பேட்டும் சேர்ந்து இறங்கும். இவருக்கு 1.6. மெக்னீசியமும் குறைவு, அதைச் சரிசெய்யாமல் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. நரம்பு வழியாகக் கால்சியம் குளுகோனேட், வாய்வழியாகக் கால்சியம் கார்பனேட், கால்சிட்ரியால் (வைட்டமின் டியின் செயல்படும் வடிவம்), மெக்னீசியம். ஒன்பதாம் நாள் ஊசி மருந்து இல்லாமலே 8.2இல் நின்றது.

வீட்டுக்கு அனுப்புவதுதான் அடுத்த யோசனை. ராத்திரி இரண்டு மணிக்குக் கை இழுத்தால் மலையிலிருந்து சேலத்துக்கு எப்படி வருவது? அவர் மகனிடம் ஒரு கடிதம் கொடுத்தோம், மேலே உள்ள மருத்துவமனையில் காட்டுவதற்கு. பிரசவம் பார்க்கும் இடங்களில் மெக்னீசியம் சல்பேட் அளவு மீறினால் கொடுக்கக் கால்சியம் குளுகோனேட் ஊசி வைத்திருப்பார்கள். அதை மெதுவாக, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே எப்படிச் செலுத்துவது என்று கடிதத்தில் எழுதினோம். "மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது தம்பி, மீதத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்றேன். கடிதம் ஒரு முறை பயன்பட்டது.

ஆறு மாதத்தில் கால்சியம் 9.3, ஹார்மோன் 58, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 130. அந்தக் கெடு வரை இயல்பாக இருந்தால்தான் குணமானார் என்று சொல்ல முடியும், சொன்னோம். முன்கைக் குழி எலும்பால் நிரம்பிவிட்டது. மலச்சிக்கலும் தாகமும் போய்விட்டன. தோட்டத்தில் லேசான வேலைக்குத் திரும்பியிருக்கிறார்.

கீழ் முதுகில் ஒரு பிடிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் மெல்லிய சுண்ணாம்புப் படிவு தெரிகிறது. அது ஃபுளோரைடு வேலை. முதலில் பார்த்த மருத்துவர்கள் சொன்னது பொய்யில்லை, ஒரு பங்கு உண்மை. இரண்டு நோயும் ஒரே உடம்பில் இருந்தன. இடது சிறுநீரகத்தில் 6 மி.மீ. கல் ஒன்று பாக்கி இருக்கிறது, சிறுநீரக மருத்துவர் பார்த்துவருகிறார். வருடத்துக்கு ஒரு முறை கால்சியமும், வைட்டமின் டியும், முன்கை எலும்பு அடர்த்தியும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். எஞ்சிய மூன்று சுரப்பிகள் எங்கெங்கே உள்ளன என்ற வரைபடமும், இரண்டு அறுவைக் குறிப்புகளின் நகலும் அவர் கைவசம் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறோம்.